வேறு (குறிப்பிடுக)

படிவத்தில் வெள்ளத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது.
வரட்சிக்கு, யானைக்கு, அறக்கொட்டியானுக்கு.
ஆலங்கட்டிக்கு இல்லை.
கடைசியில் 'வேறு, குறிப்பிடுக' என்று
இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
குறிப்பிடத்தான் சம்மாந்துறைக்கு வந்திருக்கிறேன்,
ஆறு நாள் பிந்தி.

மார்ச் இருபத்திநாலு, பின்னேரம் மூன்றேகால்.
பன்னிரண்டு நிமிஷம் என்கிறார் உதுமாலெவ்வை.
அரை மணித்தியாலம் என்கிறார்
அவருடைய வரம்பில் வரம்பு முட்டுகிற ஆதம்பாவா.
இரண்டு பேரும் அந்நேரம்
ஒரே உழவு மெசினுக்குக் கீழேதான் கிடந்திருக்கிறார்கள்.

எவ்வளவு பெரிது?
படிவம் மில்லிமீற்றரில் கேட்கிறது.
நெல்லிக்காய், என்றார் ஒருவர்.
விளாங்காய், என்றார் கடன்பட்டு விதைத்தவர்.
ஒரு பொடியன் சேர்ட்டைக் கழற்றி முதுகைக் காட்டினான்.
ஊதா. ஓரத்தில் மஞ்சள்.
அடிமட்டம் வைத்து அளந்தேன்:
முப்பத்தொன்று.
முதுகுக்குக் கட்டம் இல்லாதபடியால்
எழுதியதை அழித்தேன்.

பிந்தி விதைத்த வட்டை. பத்தொன்பது ஏக்கர்.
வெட்டு மெசின் மறுநாள் காலை வர இருந்ததாம்.
தாள் நிற்கிறது, கதிரில் மணி இல்லை.
குனிந்து சேற்றை அள்ளினேன்;
உள்ளங்கை முழுக்க நெல்,
ஒவ்வொன்றுக்கும் வெள்ளையாய் ஒரு முளை.

வெள்ளம் சுவரில் கோடு போட்டுவிட்டுப் போகும்.
யானை அடியை விட்டுவிட்டுப் போகும், பிண்டத்தையும்.
இந்தச் சாட்சி
வந்த அன்றைக்கே வாய்க்காலில் இறங்கிப் போய்விட்டது.

முந்தின பதிவு ஏதும் உண்டா என்று
காரியாலயத்து மழைப் பதிவேட்டை முழுக்கப் புரட்டினேன்.
ஒரு கல்லும் விழுந்ததாயில்லை.
மழைமானி எதையும் உருக்கித்தான் அளக்கும்:
நாற்பத்தொன்று தசம் இரண்டு, என்று
நீல மையில் தண்ணீராய்க் கிடக்கிறது எல்லாம்.

ஆகவே வாயால் கேட்டேன்.
சூறாவளிக்கு முந்தின வருஷம், என்றார் ஒருவர்.
"பிந்தி. மூத்தவன் அப்ப என்ட வயித்துல,"
வேலிக்குள்ளிருந்து திருத்தியது ஒரு குரல்.
"தொண்ணூறுலயும் தகரத்துல விழுந்திச்சி," என்றார் உதுமாலெவ்வை.
நான் எழுதத் தொடங்கினேன்.
ஆதம்பாவா என் பேனையைப் பார்த்தார்.
"அத எழுதாத புள்ள.
அது வேற."

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

பிறகுதான் சுலைஹா சொன்னாள்:
முதல் கல் கூரையில் பட்டதும்
பிள்ளைகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி
லைற்றை நூர்த்தாளாம்.
பட்டப்பகலில் எதுக்கும்மா லைற்றை நூர்க்கிறீங்க,
இளையவள் கேட்டாளாம். அவளுக்குப் பதினொரு வயது.
முற்றம் வெள்ளையாகிப் போனதும் அவள்தான் முதலில் ஓடி
சட்டியோடு பொறுக்கியவள்.
இந்த ஊரில் ஐஸ் என்றால்
கல்முனையிலிருந்து மீன்பெட்டியில் வருவது.
அவள் மணந்து பார்த்திருக்கிறாள்,
மீன் மணக்கவில்லை.

நாலு கட்டி எடுத்து வைத்தாளாம்,
ஐஸ் பக்கட் விற்கிற மாமியின் பிரிட்ஜில்.
லஞ்ச் சீற்றில் சுற்றிக் கொண்டு வந்தாள்.
ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போயிருக்கிறது;
நாலும் ஒட்டி ஒன்றாகிவிட்டன,
ஒரு முஷ்டி மாதிரி.
எப்படி அளப்பது?
அளந்தாலும் கொழும்பில் யார் நம்புவது?

'மீண்டும் நிகழும் சாத்தியம்:
குறைவு, நடுத்தரம், உயர்வு.'
வாசித்துக் காட்டினேன்.
"அது மேல உள்ளவனுக்குத் தெரியும்," என்றார் ஆதம்பாவா.
"விதைநெல்லுக்கு என்ன வழி?
அதுக்கு ஒரு கட்டம் ஈக்கா?"

இல்லை.

படிவத்தின் மேல் கட்டியை வைத்து
கையடக்கத் தொலைபேசியில் படம் பிடித்தேன்,
பக்கத்தில் அடிமட்டம், ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி.
மூன்றாவது படத்துக்கிடையில்
தண்ணீர் மெல்ல வரிகளுக்குள் இறங்கி
வெள்ளத்தின் கட்டத்தையும் யானையின் கட்டத்தையும்
ஒன்றாய்க் கலக்கியது.

புதுப்படிவம் பையில் இருந்தது.
எடுக்கவில்லை.
ஒப்பமிட்டு, வெயிலில் காயவைத்து, அப்படியே அனுப்பினேன்.
மாதம் ஒன்று கழித்துக் கடிதம் வந்திருக்கிறது:
மூன்றாம் பக்கம் ஏன் நனைந்துள்ளது,
காரணம் குறிப்பிடுக.